திண்ணைக் கதவை நாலு மணிக்குத் திறந்துவிடுங்கள்

காரைக்குடி,
சித்திரை 10

எங்கள் தெருப் பெரிய வீட்டுப் பங்காளிகள் எல்லோருக்கும், அதாவது சென்னை அண்ணன்மார்களுக்கும், கோயம்புத்தூர் அண்ணனுக்கும், கோலாலம்பூர் ஆச்சிக்கும், டெக்சாஸில் இருக்கும் தம்பிகளுக்கும், பின்தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை மகள் எழுதிக்கொள்வது.

இங்கு நலம். அங்கு அனைவரும் நலமாக இருக்கக் கொப்புடையம்மன் துணை இருக்கட்டும்.

முகப்புத் திண்ணைக் கதவு விஷயமாக உங்களைத் தனித்தனியாகப் போனில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "எனக்கு ஆட்சேபணை இல்லை, மத்தவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார். இன்னொருவர், "பெரியவங்க சொன்னாச் சரி" என்றார். பெரியவரைக் கேட்டால், "இப்பல்லாம் பிள்ளைங்க வச்சதுதான் சட்டம்" என்றார். பதினோரு பங்கு உள்ள வீட்டில் ஒரு சின்னக் காரியத்தை நகர்த்துவது தேர் இழுப்பது மாதிரி. எல்லோரும் வடத்தைப் பிடிக்க வேண்டும். ஒருவர் சக்கரத்தில் கட்டையைப் போட்டால் போதும், நின்றுவிடும். அதனால்தான் எல்லோர் கண்ணிலும் ஒரே நேரத்தில் படட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு ஆச்சிமார் பாதிப்பேரின் ரவிக்கை அளவு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். முகப்புத் திண்ணைக்கு நீங்கள் போட்டிருக்கும் கம்பிக் கதவை, ஆனி முடியும்வரை, தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்து எட்டரைக்குப் பூட்டச் சொல்லுங்கள். தலைவாசலைத் திறக்கச் சொல்லவில்லை. உள்முற்றமான வளவுக்குள் யாரும் கால் வைக்கப்போவதில்லை. திண்ணை மட்டும்.

இந்த ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பிறந்த ஊர். ஆனாலும் நீங்கள் வந்து இறங்குவது பெரும்பாலும் தை மாதம், இல்லாவிட்டால் ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள், அதுவும் ஏ.சி. காரில். பின்தெருவில் மத்தியானம் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடுகிற தண்ணீர் வருகிறது. தையல் மிஷினின் இரும்பில் கை பட்டால் இஸ்திரிப் பெட்டியில் பட்ட மாதிரி இருக்கிறது. மேலே கான்கிரீட் தளம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது இராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும், மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் வாரி வாரி நம்மேல் இறைக்கும். எதிர் வரிசையில் இரண்டு வீட்டில் ஏ.சி. போட்டிருக்கிறார்கள். அவர்கள் அறை குளிர்கிறது; வெளியே மாட்டியிருக்கும் பெட்டி ஊதுகிற அனல் எங்கள் சந்துக்கு வருகிறது. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியது, வீடுகள் இன்னும் நெருங்கின, முக்கில் வேப்பமரம் நின்ற இடத்தில் இப்போது செல்போன் கடை. வெயிலுக்கும் சேர்த்தே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள் போல.

உங்கள் வீடு அப்படி இல்லை. எனக்குத் தெரியும், பாதி நாள் நான் வளர்ந்ததே அங்கேதான். அப்பா கணக்குப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் எனக்கும் அதுதான் ஜாகை. அந்தச் சுவர் இருக்கிறதே, கன்னத்தை வைத்தால் தண்ணீர்ப் பானையில் வைத்த மாதிரி ஜில்லென்று இருக்கும். சுண்ணாம்பை மைபோல அரைத்து, பூச்சுமேல் பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர். வெள்ளையடிக்கிற வேலையே கிடையாது. ஈரத்துணியால் துடைத்தால் முகம் தெரியும். தலை நிறைய எண்ணெயோடு நான் தினமும் ஒரே இடத்தில் சாய்ந்து, வட்டமாக ஒரு கறை விழுந்துவிட்டது. பெரிய ஆச்சி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "கணக்குப்பிள்ளை, உங்க மக சுவத்துல கையெழுத்துப் போட்டிருக்கா, பாத்தீகளா?" என்றார்கள். அப்பா முகம் செத்துப்போயிற்று. மறுநாள் போய்ப் பார்த்தால், நான் சாயும் இடத்தில் ஒரு பழைய துண்டை மடித்துத் தொங்கவிட்டிருந்தது. யார் மாட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கறை இன்னும் இருக்கிறது. இடப்பக்கம் இரண்டாவது தூணுக்குப் பின்னால். கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரிகிறது.

தெருவிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேடை. தலைக்கு மேலே நன்றாக வெளியே நீண்ட ஓட்டுத் தாழ்வாரம், அதனால் உச்சி வெயில் திண்ணைக்குள் எட்டிப் பார்க்காது. தலைவாசலில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெரு வாசல்வரை ஒரே நேர்கோடு. வளவுக்கு மேலே வானம் திறந்திருப்பதால் சூடு மேலே ஏறிப் போய்விடும், கீழே காற்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் உள்ளே ஆள் இருந்தார்கள், கதவெல்லாம் திறந்து கிடந்தது, திண்ணையில் உட்கார்ந்தால் வீட்டுக்குள்ளிருந்து வருகிற காற்று முதுகில் அடிக்கும். இப்போது அந்தக் காற்று கிடையாது. நிழலும் கல்லும் சுண்ணாம்பும் அப்படியே இருக்கின்றன. எங்களுக்கு அது போதும்.

சரி, உட்காருவதற்கு ஒரு இடம் வேண்டும், அதற்கா இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பீர்கள். நுங்குக்காரர் கதையைச் சொன்னால் புரியும்.

டி.வி.எஸ். வண்டியில் இரண்டு பக்கமும் குலை குலையாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மூன்றரை, நாலு மணிக்கு வருவார். முன்பெல்லாம் உங்கள் வீட்டு முகப்பில்தான் நிறுத்துவார். காய் ஒன்றை இடக்கையில் உருட்டி, அரிவாளால் தலையை ஒரே சீவாகச் சீவினால் மூன்று கண் தெரியும், மேலே கண்ணாடிபோல ஒரு தோல். அப்படியே கையில் வாங்கிக் கட்டைவிரலை விட்டு நெம்ப வேண்டும். தோல் கிழிகிற அந்த நொடியில் உள்ளே இருக்கிற தண்ணீர் பீறிட்டுச் சட்டையில் அடிக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்திலும் அடிக்கும். அவர் திட்டுவார். திட்டிவிட்டு அவரும் ஒன்று வாங்குவார். முற்றிப்போய்க் கடுக்காயாக இருந்தால், "என்னப்பா, பல்லு போயிரும் போலயே" என்று சொல்லி அங்கேயே மாற்றி வாங்கிக்கொள்ளலாம். நுங்கு அப்படிச் சாப்பிடுகிற சாமான். இப்போது என்ன நடக்கிறது? தெருவில் நிற்க நிழல் இல்லை. அவர் சுளையைத் தோண்டி எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் தண்ணீரெல்லாம் பையில் தனியாகக் கிடக்கிறது, சுளை வெதுவெதுவென்று ரப்பர் மாதிரி இருக்கிறது. அதே பனைமரம், அதே நுங்கு, கொடுக்கிற காசு மட்டும் கூட.

அப்புறம் அந்தக் காலிக் கூந்தல், அதாவது சுளை எடுத்தபின் மிஞ்சுகிற காய். இரண்டு கூந்தலை ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் குத்தி, நடுவில் ஒரு கவட்டைக் குச்சியைக் கொடுத்துத் தள்ளினால் வண்டி. நாலு மணிக்கு நுங்கு தின்ற பிள்ளைகள் நாலரைக்கு வண்டிக்காரர்கள். பையில் வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூந்தல் கிடைப்பதில்லை. அது நுங்குக்காரரோடேயே போய்விடுகிறது, ஆட்டுக்கு.

மற்றவர்களும் அப்படித்தான். மத்தியானம் தாண்டினால் சர்பத் வண்டி வரும். சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டு, நன்னாரிச் சாறு ஊற்றி, எலுமிச்சம்பழத்தை மூடியோடு பிழிந்து, கண்ணாடித் தம்ளரில் கலக்குகிற சத்தம் கேட்டாலே பாதித் தாகம் போய்விடும். அவருக்குத் தம்ளர் திரும்பி வர வேண்டும், அதனால் குடிக்கிறவர் உட்கார்ந்து குடிக்க வேண்டும். வடகாடு, கீரமங்கலம் பக்கத்திலிருந்து பலாப்பழம் ஏற்றி வருகிற வண்டிக்காரர் திண்ணை ஓரத்தில்தான் பழத்தை அறுப்பார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக் கொடுக்க நாலு பெண்கள் எப்போதும் அங்கே இருப்பார்கள், கூலி ஆளுக்கு ரெண்டு சுளை. சேமியா ஐஸ்காரர் மணி அடிப்பார். ஆறு மணிக்குப் பூக்கார அக்கா வந்து கூடையை இறக்கிவைத்து, விற்றுக்கொண்டே மீதி மொட்டைத் தொடுத்து முடிப்பார். வியாபாரி ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் வண்டியை நிறுத்துவார். ஆள் இல்லாத தெருவில் ஸ்பீக்கரில் ஒரு கத்துக் கத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இப்போது எங்கள் தெருவில் நடப்பது அதுதான். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் "பலா... பலா..." என்பது அடுத்த தெருவில் கேட்கிறது.

வத்தல் கதை வேறு. அதற்கு உங்கள் திண்ணை தேவையில்லை, மொட்டைமாடி போதும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பெரிய ஆச்சி இருந்தவரை வளவில் அதற்கென்றே பங்குனி, சித்திரையில் ஒரு வாரம் உண்டு. விடியற்காலம் கூழ் கிண்டி, பழைய எட்டுமுழ வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே போவார்கள். காக்காய்க்குக் காவல் நான். கறுப்புக் குடையை விரித்து நடுவில் நட்டுவிட்டு, கையில் ஒரு குச்சியோடு தாழ்வாரத்தில் உட்கார வேண்டும். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே கொழகொழவென்றும் அரைக்காய்ச்சலில் இருக்கும்போது நாலைந்து பிய்த்து வாயில் போட்டுக்கொள்வேன். "காக்கா இந்த வருஷம் உப்புப் பாத்துத் திங்குது போல" என்பார்கள் ஆச்சி. காய்ந்த வத்தலை ஓலைக் கொட்டானில் போட்டு ஆளுக்கு ஒன்று என்று எங்கள் வீட்டுக்கும் வரும்.

நீங்கள் கதவு போட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதையும் நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்துவிட்டாள் என்று வரக்கூடாது. இராத்திரியில் யார் யாரோ வந்து குடித்துவிட்டுப் பாட்டிலை அங்கேயே போட்டார்கள். தூணில் வெற்றிலைச் சாறு. திண்ணை விளிம்பை ஒட்டி வரிசையாக மோட்டார் சைக்கிள், ஒன்றின் கைப்பிடி இடித்துப் பூச்சு பெயர்ந்தது. பிறகு ஒருநாள் விடிந்து பார்த்தால் தலைவாசல் கதவின் வெண்கல வளையம் ஒன்றைக் காணோம். வாசற்கால், தூண், பொம்மை என்று பழைய சாமானுக்கு விலை இருக்கிற ஊரில் ஆள் இல்லாத வீட்டுக்காரருக்கு வயிறு கலங்காமல் என்ன செய்யும்? நானாக இருந்தாலும் கதவு போட்டிருப்பேன்.

அதற்கு முந்தின வருஷம் திண்ணைத் தரையில் ஆணியால் தாயக்கட்டம் கிழித்ததும் உங்கள் கணக்கில் இருக்கிறது. அது யார் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. என் அக்கா பேரன். கண்ணாடிமேல் கையால் வண்ணம் ஊற்றி எடுக்கிற ஆத்தங்குடிக் கல், அந்த மெருகு ஒருதரம் போனால் போனதுதான். அவனுக்கு அது தெரியாது, அவன் வீட்டில் இருப்பது வழுவழு டைல்ஸ், எதைக் கிழித்தாலும் கிழிபடாது. ஒரு சாக்பீஸ் வாங்கிக் கொடுக்க எங்கள் பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து வருஷம் கழித்துத்தான் கேட்கிறேன், ஆனாலும் கேட்டுவிட்டேன்.

ஆனால் அந்தக் கதவு வந்தபிறகு நடப்பதையும் பாருங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டோ என்னவோ, வெள்ளைக்காரர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். கம்பி இடுக்கில் கேமராவை நுழைத்துத் தூணைப் படம் எடுக்கிறார்கள். உள்ளே காவலுக்கு இருக்கும் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார், அவரும் படத்தில் விழுகிறார். தெருப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு 'வண்டலூர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காதில் விழாமல் சொல்லுங்கள் என்று அதட்டி வைத்திருக்கிறேன். அவரும் நுங்குப் பிரியர்தான். போன வாரம் பார்த்தேன், நுங்குக்காரர் சீவிய காயைக் கம்பி வழியாகக் கொடுக்கப் பார்த்தார், காய் பெரிது, நுழையவில்லை. இவர் உள்ளேயிருந்து விரலை மட்டும் வெளியே நீட்டி, அவர் பிடித்துக்கொண்டிருக்க, நெம்பி நெம்பிச் சாப்பிட்டார். ஏன் அண்ணே, கதவைத் திறந்துகொண்டு வரலாமே என்றேன். "முதலாளிக தொறக்கக் கூடாதுன்டாக, பகல்ல தொறக்கச் சொல்லலையே" என்றார். அவ்வளவு சொன்ன சொல் தவறாத மனிதர். இந்த ஏற்பாட்டுக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

போன வைகாசியில் முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லோரும் வந்தீர்கள். ஆள் வருவதும் போவதுமாக இருந்ததால் நாலு நாள் கம்பிக் கதவை யாரும் பூட்டவில்லை. பூட்ட நேரமில்லை என்பதுதான் உண்மை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று, நினைவிருக்கிறதா? உள்ளே இருக்க முடியாமல் நீங்கள் வெளியே வந்தீர்கள், உள்ளே இருக்க முடியாமல் நாங்களும் வெளியே வந்தோம். முதலில் பூக்கார அக்காதான் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்தார். அப்புறம் ஓய்வுபெற்ற வாத்தியார். அப்புறம் பின்தெரு முழுக்க. யாரோ வாசலில் நாலு குடம் தண்ணீர் தெளித்தார்கள், சூடு பிடித்த மண்ணிலிருந்து அந்த வாசனை எழும்பியது. சென்னைப் பெரிய அண்ணன் வாத்தியாரோடு தாயம் ஆடினார், சாக்பீஸ் கட்டத்தில்தான். ஒரே காயை மூன்று தடவை வெட்டுக் கொடுத்துவிட்டு, செல்போன் வெளிச்சம் சரியில்லை என்றார். கோலாலம்பூர் ஆச்சி, பெரிய ஆச்சி பானகத்துக்கு எவ்வளவு சுக்குப் போடுவார்கள் என்று ஆரம்பித்து, கடைசியில் எங்கள் வீட்டுக் கருப்பட்டியிலேயே கரைத்துக் காட்டினார்கள். சுக்கு தூக்கல்தான். எல்லோருக்கும் இருமல் வந்தது, யாரும் சொல்லவில்லை.

டெக்சாஸ் தம்பியின் மகள், எட்டு வயதிருக்கும், அன்று மாலை முதல் தடவையாக நுங்கு சாப்பிட்டாள். முழங்கை வரைக்கும் வழிந்தது. "இது ஜெல்லியா?" என்று கேட்டாள். என் அக்கா பேரன், ஆணியால் கிழித்த அதே ஆள், அவளுக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தான். அதைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடிவரை போய்ப் போய் வந்தாள். கரண்ட் வந்தபிறகு உள்ளே கூப்பிட்டால் போகவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது வண்டியைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று அழுதாள் என்று கேள்விப்பட்டேன். வைத்தீர்களா, தம்பி?

ஐந்தாம் நாள் காலை எல்லோரும் கிளம்பினீர்கள். பத்து மணிக்குப் பூட்டு விழுந்தது.

உங்கள் ஐயாக்கள் கொண்டுவிற்கப் போன இடத்திலெல்லாம் சம்பாதித்து இந்த ஊரில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஓட்டில் விழுகிற மழைத்தண்ணீரைக்கூட வீணாக்காமல் வடிகால் வெட்டி ஊருணிக்குப் போகவிட்டவர்கள். அவர்கள் இந்தத் திண்ணையைத் தெருவைப் பார்த்துத் திறந்துவிட்டுக் கட்டினார்கள் என்றால், கதவு போடத் தெரியாமல் இல்லை. பர்மாத் தேக்கில் அவர்கள் இழைத்து வைத்திருக்கிற தலைவாசலைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இனி ஏற்பாடு. சாவி காவல் அண்ணனிடமே இருக்கட்டும், எங்களுக்கு வேண்டாம். திறப்பதற்கு முன்னும் பூட்டுவதற்கு முன்னும் கூட்டித் துடைக்கிற வேலை என்னுடையது, என்னோடு பின்தெருவில் மூன்று பெண்கள் முறை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். பலாப்பழம் மட்டும் திண்ணைமேல் அறுக்க விடமாட்டோம், பால் பட்டால் கல்லில் பிடித்துக்கொள்ளும். கீழே தெருவில் சாக்கை விரித்து அறுத்துக்கொள்ளட்டும். மோட்டார் சைக்கிள் நிறுத்தாமல் இருக்க விளிம்பு நெடுகக் கோலப்பொடியில் ஒரு கோடு. அதைத் தாண்டி நிறுத்துகிறவரை வாத்தியார் பார்த்துக்கொள்வார், அவரிடம் படித்தவர்கள்தான் பாதிப்பேர். சீட்டு கிடையாது. செல்போனில் சத்தமாகப் பாட்டு கிடையாது. தாயத்துக்கும் ஆடுபுலிக்கும் சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்கியாயிற்று. மூலையில் ஒரு மண்பானைத் தண்ணீர் வைப்போம், அடியில் மணல் போட்டு, கல்லில் ஈரம் இறங்காமல். கரண்டுச் செலவு ஒன்றும் இல்லை, தெருவிளக்கு வெளிச்சமே போதும். எட்டரைக்குப் பூட்டியபிறகு பூட்டைப் படம் எடுத்துத் தினமும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறேன். பதினோரு பேருக்கும்.

ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் மறுநாளே பூட்டிக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்க மாட்டோம். ஆனிவரை பார்த்துவிட்டு அடுத்த வருஷத்தைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது உங்களுக்காக. போன மாதம் அண்ணன் தலைவாசலைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே பட்டாலைக் கூடத்தில் வௌவால் எச்சம். மூடிக் கிடந்த வாடை தெருவரைக்கும் அடித்தது. சாயங்காலம் திண்ணையில் ஆள் இருந்தால் அவர் தைரியமாகத் தலைவாசலையும் பின்வாசலையும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம், வீட்டுக்குள் காற்றுப் போகும். நாங்கள் தலைவாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டோம். ஆனால் அந்தக் காற்று எங்கள் முதுகில் அடித்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டோம்.

அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் உங்களில் யாராவது ஒருவர் அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் போதும். பூட்டு துருவேறி இறுகிப்போயிருக்கிறது என்கிறார், சாவி பாதிதான் திரும்புகிறதாம். தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கணக்குப்பிள்ளை மகள்,
பின்தெரு